சார்ஜ் ஏறாத வண்டி

வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் பேட்டரி படம் போட்ட அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை.

ஞானராஜ் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தான். இன்ஜின் இரைந்தது, விளக்கு அப்படியே எரிந்தது. சாவியைத் திருப்பினால் எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கினால் அணைய வேண்டும். இந்த உலகத்தில் அதற்கு இருக்கிற ஒரே வேலை அதுதான். அந்த ஒரு வேலையையும் இன்றைக்குப் பார்த்தா அது மறக்க வேண்டும்?

பின்னால் சீட்டைக் கழற்றிப் போட்ட இடத்தில், விரித்த கம்பளியின் மேல் செல்லி கிடந்தாள். தலைப்பிரசவம். நேற்று விடியற்காலையில் எடுத்த வலி இன்று சாயங்காலமாகியும் தீரவில்லை. வத்தல்மலை உச்சியிலிருந்து அவளைத் தூளி கட்டி, நாலு ஆள் மாற்றி மாற்றித் தோளில் சுமந்து அடிவாரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அடிவாரத்து ஊரில் மாதா கோயில் இருந்தது, கோயிலை ஒட்டி மிஷன் மருந்தகம் இருந்தது, மருந்தகத்துக்கு இந்தப் புது வேன் இருந்தது. நர்ஸ் ரோசம்மா செல்லியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"புள்ள குறுக்க கெடக்குதுண்ணே. இங்க ஒண்ணும் ஆவாது. தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவணும். ஆப்பரேசன் பண்ணாத்தான் ரெண்டு உசுரும்."

மிச்சத்தை அவள் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

இப்போது ரோசம்மா பின்னால் செல்லியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். செல்லியின் புருஷன் காளியன் முன்சீட்டில் ஞானராஜுக்குப் பக்கத்தில். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மலையில் சாமை விதைக்கிறவன், வாழ்க்கையில் இப்படிப்பட்ட வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு, சீட்டுக்கு வலிக்குமோ என்பது போல ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"போலாங்களா?" என்றான்.

"போலாம் போலாம்," என்றான் ஞானராஜ். 

அந்த விளக்கு ஏன் எரிகிறது என்று அவனுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. தெரியாதவனாக இருந்திருந்தால் நிம்மதியாக ஓட்டியிருப்பான்.

அக்டோபர் மாதம், ஜெபமாலை மாதா திருவிழா. நேற்றுத்தான் தேர்பவனி. எண்பத்தேழாம் வருஷத்தில் அந்தப் பக்கம் கரண்டு என்பது விருந்தாளி மாதிரி, வந்தால் வந்தது. அதனால் தேருக்கு டியூப்லைட்டு எரிய வைக்கிறதெல்லாம் பேட்டரியில்தான். மைக்செட்டுக்காரர் கொண்டுவந்த பேட்டரி பாதித் தெருவிலேயே படுத்துக்கொண்டது. மாதா இருட்டில் நிற்கிறாள் என்று ஊரே ஞானராஜைப் பார்த்தது. அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தான். கொடுத்ததோடு விட்டானா? தேருக்குப் பின்னால் நடந்துகொண்டே, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும், இந்தப் புது வண்டியில் டைனமோ கிடையாது, ஆல்டர்னேட்டர், காலியானாலும் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏற்றிவிடும் என்று பிரசங்கம் வேறு பண்ணினான். ஞானராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊர் அதைப் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் கை அதைவிட நீளம். யார் கேட்டாலும் எதையும் கொடுப்பான்.

பேட்டரி திரும்பி வரவில்லை. இன்று காலைப் பூசைக்கு மைக், மத்தியானம் கொடியிறக்கத்துக்கு மைக் என்று அது கோயிலிலேயே கிடந்தது. சாயங்காலம் தூளி வந்து இறங்கியதும்தான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தான். செல்லி கத்திக்கொண்டிருந்தாள். தூக்கி வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். "சீக்கிரம்ணே, சீக்கிரம்ணே," என்று ரோசம்மா. அந்த அவசரத்தில் அவன் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

கை என்றால் பதினாலு வருஷத்துக் கை. இந்த வேன் வருவதற்கு முன் பங்குச் சாமியாரிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. அதை ஓட்டியது ஞானராஜ்தான். அந்தக் காரில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் இணைந்திருக்கும். மைனஸ் ஒயர் ஸ்டார்ட்டருக்குப் போகும். அந்தக் காலத்து வண்டிகள் பலவும் அப்படித்தான். இந்தப் புது வேனில் எல்லாம் தலைகீழ், மைனஸ்தான் பாடிக்கு. ஞானராஜின் தலைக்கு இது நன்றாகத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை. கை, பாடி ஒயரை எடுத்துப் பிளஸில் மாட்டியது. பிளஸ் முளை கொஞ்சம் தடிமன், கிளாம்பு உட்காரவில்லை. ஸ்பேனரால் தட்டி உட்கார வைத்தான். அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். அடுத்த ஒயரை வைத்ததும் 'பட்'டென்று ஒரு பொறி, கருகிய நாற்றம். வெடுக்கென்று பிடுங்கினான், மாற்றி மாட்டினான். எல்லாம் ஒரு நொடி.

தூளி சுமந்து வந்தவர்களே பின்னாலிருந்து தள்ளிவிட, வண்டி கிளம்பியது. விளக்கு அணையவில்லை.

தார்ரோடு வருவதற்கு முன் கொஞ்ச தூரம் மண்பாதை. மேடு பள்ளத்தில் வண்டி ஆட, செல்லி முனகினாள். ஞானராஜ் பள்ளங்களைத் தடவித் தடவி இறக்கினான். மனசு மட்டும் வண்டிக்கு அடியில், இன்ஜின் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

வண்டி வாங்கிய புதிதில் டிரைவர்களையெல்லாம் சேலத்துக்குக் கூப்பிட்டுப் பாடம் நடத்தினார்கள். ஒரு ஆல்டர்னேட்டரைப் பலாப்பழம் மாதிரி நடுவில் பிளந்து மேசைமேல் வைத்திருந்தார்கள். இன்ஜின் ஓடும்போது பெல்ட் இதைச் சுற்றுகிறது. நடுவில் சுற்றுவது ஒரு காந்தம். காந்தம் என்றால் பிறவிக் காந்தம் இல்லை, கம்பி சுற்றிய வெறும் இரும்பு. பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்டு போனால்தான் அது காந்தமாகும். முதல் கவளத்தைப் பேட்டரிதான் ஊட்ட வேண்டும். அப்படிக் காந்தமானது, சுற்றிலும் இருக்கிற செம்புக் கம்பிச் சுருளுக்கு நடுவே சுழலச் சுழல, அந்தச் சுருளில் கரண்டு பிறக்கிறது. ஆனால் காந்தத்தின் வடக்கும் தெற்கும் மாறி மாறி வந்து போவதால், பிறக்கிற கரண்டும் முன்னே பின்னே என்று ஆடிக்கொண்டே வரும். பேட்டரிக்கு அந்த ஆட்டம் ஆகாது. ஒரே பக்கமாக வந்தால்தான் அதற்கு ஏறும். அதற்காகத்தான் டையோடு என்று பொத்தான் மாதிரி ஆறு சாமான் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் விடும், மறு பக்கம் விடாது. ஆறும் சேர்ந்து ஆடுகிற கரண்டை ஒரே திசையில் ஓட்டி, பேட்டரியில் இருப்பதைவிட ஒரு படி அதிக வோல்ட்டில் தள்ளிவிடும். பேட்டரி நிரம்பும். ஹெட்லைட்டு, ஹாரன், வைப்பர் எல்லாம் அந்த வரும்படியில்தான் நடக்கும்.

பாடம் நடத்தியவர் கடைசியில் விரலை ஆட்டிச் சொன்னார்: பேட்டரியை மட்டும் திருப்பி மாட்டிவிடாதீர்கள், கண் மூடித் திறப்பதற்குள் டையோடு எல்லாம் போய்விடும். அப்போது சத்தமாகத் தலையாட்டியவன் ஞானராஜ்தான்.

ஆக, இப்போது பெல்ட் சுற்றுகிறது, காந்தம் சுழல்கிறது, சுருளில் கரண்டும் பிறக்கிறது. பிறந்து என்ன? டையோடு என்கிற வாசல் எரிந்துபோய்விட்டது, பேட்டரிக்கு எதுவும் போய்ச் சேராது. பேட்டரியில் என்ன மிச்சமோ அதுதான். மாதாவுக்கு விளக்கு எரித்து, சாமியாருக்கு மைக் எரித்து, மிச்சம் என்ன இருக்கும்?

டீசல் வண்டியாக இருந்திருந்தால் கவலையே இல்லை. ஒரு தடவை கிளம்பிவிட்டால் பேட்டரியைக் கழற்றி ரோட்டோரம் வைத்துவிட்டுக்கூடப் போகலாம். இது பெட்ரோல். உள்ளே ஒவ்வொரு தடவை வெடிக்கவும் ஒரு பொறி வேண்டும், ஒவ்வொரு பொறியும் அந்தப் பேட்டரியிலிருந்து வர வேண்டும். பொறி நின்றால் வண்டி நிற்கும். நின்றால் பிறகு எத்தனை பேர் தள்ளினாலும் கிளம்பாது.

சொல்லிவிடலாமா என்று யோசித்தான். சொல்லி என்ன ஆகும்? சாயங்கால பஸ் போயாகிவிட்டது. ஜீப் இருக்கிற ஊருக்கு ஆள் அனுப்பி, ஜீப் வந்து சேர்வதற்குள் என்னென்னவோ ஆகிவிடும். சொன்னால் இந்தப் பெண் பயப்படுவாள், புருஷன் பயப்படுவான், நர்ஸுக்குக் கை ஓடாது. ஒருத்தன் பயந்தால் போதும், எதற்கு நாலு பேர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வெட்கம். பிரசங்கம் பண்ணிய வாய், நானே கெடுத்தேன் என்று எப்படிச் சொல்லும்?

"வண்டி நல்லா ஓடுதுங்க," என்றான் காளியன்.

ஞானராஜ் திரும்பிப் பார்த்தான். காளியன் கண்கொட்டாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஸ்டீயரிங், விளக்கு, மறுபடி முகம். புது வண்டியை வேடிக்கை பார்க்கிறான் பாவம் என்று ஞானராஜ் நினைத்துக்கொண்டான்.

தார்ரோட்டில் ஏறியபோது மலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. தூறல் வேறு பிடித்தது. கண்ணாடியில் நீர் திரண்டு ரோடு கலங்கியது. வைப்பரைப் போட்டான். அது ஒரு தரம் போய் வந்தது. அணைத்தான். கண்ணாடி மறைந்தது. மறுபடி போட்டான், மறுபடி அணைத்தான். சுவிட்சைத் தொடும் ஒவ்வொரு தடவையும் செல்லியின் உயிரிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி எடுக்கிற மாதிரி இருந்தது.

எதிரே ஒரு லாரி ஹெட்லைட்டு போட்டுக்கொண்டு வந்தது. ஞானராஜும் போட்டாக வேண்டியதாயிற்று. போட்டதும் இன்ஜின் ஒரு கணம் தயங்கின மாதிரி அவனுக்குப் பட்டது. நிஜமாகத் தயங்கியதா, பயத்தில் தோன்றியதா, தெரியவில்லை. பொறிக்கு ஆகிறதைப் போல மூன்று பங்கு தின்னும் அந்த இரண்டு விளக்கும். லாரி தாண்டியதும் அணைத்துவிட்டான்.

"லைட்ட ஏன்ணே அணைச்சிட்டீங்க?" என்று பின்னாலிருந்து ரோசம்மா கேட்டாள்.

"பியூஸ் போவுதுன்னு நெனைக்கறன் நர்சம்மா. இருக்கட்டும், ரோடு தெரியுது."

ரோடு தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் நீளமாக ஏதோ ஒன்று கிடந்தது, அதன் இரண்டு பக்கமும் புளியமரங்கள் கறுத்து நின்றன. அவன் வேகத்தைக் குறைத்தான். குறைத்தால் நேரம் போகும், நேரம் போனால் பேட்டரி போகும். வேகமாக ஓட்டினால் மரத்தில் போய் மோத வேண்டியதுதான். 

காளியன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். தூறல் அவன் முகத்தில் அடித்தது.

"எடது கை பக்கம் பள்ளமுங்க," என்றான். "அதத் தாண்டி நேருங்க. போங்க, போங்க. ஒண்ணுமில்ல."

ஞானராஜ் நம்பாமல் கொஞ்சம் வலது பக்கம் ஒதுக்கினான். இடது சக்கரத்தை ஒட்டினாற்போல் பள்ளம் கடந்துபோனது.

"உனக்குத் தெரியுதா காளியா?"

"மலைல ராத்திரி வெளக்கு ஏதுங்க எங்களுக்கு? பன்றி காவல் காக்கறவனுக்கு இது பகலுங்க. மாட்டு வண்டி ஒண்ணு போவுது, வலப்பக்கமா போங்க. இன்னும் கொஞ்சம். இப்ப போங்க."

அப்படியே போனார்கள். இவன் கண்ணாக அவன் இருந்தான், அவன் காலாக இவன் இருந்தான். இடையிடையே காளியன் தலையை உள்ளே இழுத்து, "நல்லா ஓட்டறீங்க," என்பான். பிறகு மறுபடி வெளியே. இத்தனை கஷ்டத்திலும் இவனுக்கு என்ன பாராட்டு வேண்டிக்கிடக்கிறது என்று ஞானராஜுக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

பாதி தூரம் தாண்டியிருப்பார்கள். செல்லி திடீரென்று ஒரு சத்தம் போட்டாள். கத்தல் இல்லை, அதைவிடத் தாழ்ந்த குரல். 

"அண்ணே, உள் லைட்ட போடுங்க," என்றாள் ரோசம்மா.

அவன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான்.

"அண்ணே, கை ஈரமாவுது. தண்ணியா ரத்தமான்னு பாக்கணும். ரத்தம்னா நான் இப்பவே ஊசி போடணும். இருட்டுல எனக்குத் தெரியல. லைட்ட போடுங்க."

சின்ன பல்புதான் அது. ஹெட்லைட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் சாகப்போகிற பேட்டரிக்கு எது சின்னது, எது பெரியது? அது எரிகிற நேரத்தில் பொறி அறுந்தால் எல்லோரும் இந்தப் புளியமரத்தடியில் நிற்க வேண்டியதுதான். போடாவிட்டால் இந்தப் பெண் இருட்டிலேயே வடிந்துபோவாள். கடவுளே, ரெண்டையும் என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று அவனுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது.

பல்பைப் போட்டான். இன்ஜின் செருமியது. ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்துக்கொண்டான். பின்னால் துணி விலகும் சத்தம், ரோசம்மாவின் வளையல் சத்தம்.

"பாத்தாச்சா?"

"இருங்கண்ணே."

ஒரு வளைவு போனது. ஒரு பாலம் போனது. இன்ஜின் மறுபடி ஒருமுறை இடறியது. 

"நர்சம்மா..."

"இருங்கன்னு சொல்றன்ல. ரத்தந்தான். கொஞ்சந்தான். ஊசி போடறன், ஆட்டாம ஓட்டுங்க."

ஊசி போட்டு முடித்து, "அணைச்சிக்கங்க," என்று அவள் சொல்வதற்குள் அவன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மழையில் இல்லை. அணைத்ததும் இன்ஜின் சீரானது. காளியன் தன் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஞானராஜின் முகத்தைத்தான் பார்த்தான்.

"போவுதுங்க, வண்டி நல்லா போவுதுங்க," என்றான். சொல்லும்போது அவன் தாடை நடுங்கியது.

தர்மபுரி வெளிச்சம் தூரத்தில் தெரிந்தபோது ஞானராஜுக்கு அழுகை வராத குறை. இன்னும் ரயில்வே கேட் ஒன்றுதான். அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. கேட்டை நெருங்க நெருங்க முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. பஸ், லாரி, மாட்டு வண்டிகள். கேட் போட்டிருந்தார்கள்.

இனி நிற்க வேண்டும். இன்ஜினை நிறுத்தவும் முடியாது, ஓட விட்டால் பேட்டரி தின்னும். பெங்களூர் பக்கமிருந்து எந்த ரயில் வருகிறதோ, எவ்வளவு நேரமோ. பக்கத்துப் பஸ்ஸில் யாரோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இறங்கிவந்து சாவகாசமாகப் பீடி பற்றவைத்தார். இந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் அவசரமே இல்லை என்பது போல் இருந்தது.

ஞானராஜ் விளக்கைப் பார்த்தான். சிவப்பு மங்கியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அந்த விளக்கு மங்கினால் சந்தோஷப்பட வேண்டும், சார்ஜ் ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இன்று அதற்கு அர்த்தம் வேறு. அந்த ஒற்றைப் பல்பை எரிக்கக்கூடப் பேட்டரியில் வலுவில்லை. செல்லி இப்போது முனகக்கூட இல்லை. அந்த அமைதிதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"நர்சம்மா, மூச்சு இருக்கா?"

"இருக்குது. நாடிதான் எறங்கிக்கினே போவுது. எப்பண்ணே தெறப்பாங்க?"

"இப்ப தெறந்துடுவாங்க," என்றான். இன்றைக்கு அவன் சொன்ன பொய்களில் அது எத்தனையாவது என்று அவனுக்கே தெரியாது.

கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன, முடிவில்லாமல். வேனின் இன்ஜின் குலுங்கியது, நின்றுவிடுவது போல் தாழ்ந்தது, அவன் மிதித்ததும் மனசில்லாமல் எழுந்தது. கடைசிப் பெட்டியின் விளக்கு தாண்டி, கேட் ஆடி ஆடி மேலே எழுந்தபோது, முன்னால் இருந்த மாட்டு வண்டிகள் அசையவில்லை. ஹாரன் அடிக்க அவன் கை போனது, பாதியில் நின்றுவிட்டது. அந்த ஒரு ஹாரனுக்கு வண்டி செத்துவிடலாம்.

அவன் சொல்லாமலே காளியன் கதவைத் திறந்து குதித்தான். வண்டிகளுக்கு நடுவே ஓடினான். "புள்ளத்தாச்சிங்க, வழி விடுங்க சாமி, வழி விடுங்க," என்று மாட்டின் மூக்கணாங்கயிற்றைத் தானே பிடித்து இழுத்து ஓரம் கட்டினான். பஸ் டிரைவர் ஒருவர் புரிந்துகொண்டு பஸ்ஸை ஒதுக்கினார். பீடி பிடித்த மனிதர்கூடப் பீடியை எறிந்துவிட்டு ஒரு வண்டியைத் தள்ளினார். நடுவே ஒரு சந்து விழுந்தது. ஞானராஜ் அதற்குள் வேனை விட்டான். தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது இன்ஜின் இரண்டு முறை வெற்றாகச் சுழன்று, மூன்றாவதில் பிடித்தது. காளியன் பின்னால் ஓடிவந்து ஓடுகிற வண்டியில் தாவி ஏறினான்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் இனி காளியனின் கண் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னால் லேசான இறக்கம். அந்த இறக்கத்தில் இன்ஜின் ஒரு இருமலோடு நின்றது. சிவப்பு விளக்கும் அணைந்துபோனது. ஞானராஜ் கியரை விலக்கி, பிரேக்கைத் தொடாமல், வண்டியை அதன் போக்கில் உருளவிட்டான். வாசலைத் தாண்டி, வராந்தாவுக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது. அங்கிருந்து செல்லியைக் காளியனே இரண்டு கைகளில் ஏந்திக்கொண்டு ஓடினான்.

ஆப்பரேசன் அறைக் கதவு சாத்திக்கொண்டது. ஞானராஜ் வராந்தாவில் சுவரோரமாகக் குந்தினான். எழுந்தான், நடந்தான், மறுபடி குந்தினான்.  காளியன் எதிரே தூணில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். 

ரோசம்மாதான் முதலில் வெளியே வந்தாள். சேலை முழுக்கக் கறை. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பொண்ணு," என்றாள். "அழுதுடுச்சி. கொஞ்சம் தாமசமாத்தான் அழுதுச்சி, ஆனா அழுதுடுச்சி. செல்லிக்கு ரத்தம் ஏத்தறாங்க. கண்ணத் தொறந்து புருஷன் எங்கன்னு கேட்டா. பொழைச்சிக்குவா."

சொல்லிவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். காளியன் அழவில்லை. நேராக வந்து ஞானராஜின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"எந்திரி காளியா," என்றான் ஞானராஜ்.  "என் கால்ல விழாத. உம் பொண்டாட்டி உசுரு இன்னிக்கி போயிருந்தா அது என்னாலதான். பேட்டரிய நாந்தான் தலகீழா மாட்டனேன். கௌம்பறப்பவே கெட்டுப்போச்சி வண்டி. எங்க நின்னுருக்குமோ எனக்கே தெரியாது. தெரிஞ்சே உங்களயெல்லாம் ஏத்திக்கினு வந்தன். லைட்டு பியூஸ்னு சொன்னது எல்லாம் பொய்."

காளியன் காலை விடவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினான்.

"தெரியுங்க," என்றான்.

"என்னா தெரியும்?"

"வண்டி சரியில்லன்னு தெரியுங்க. என்னா கோளாறுன்னு தெரியாது. அடிவாரத்துல நெருப்புப் பொறி பறந்தப்பவே உங்க மூஞ்சி செத்துப்போச்சிங்க. அப்பறம் அந்தச் சேப்பு வெளக்க நீங்க பாத்துக்கினே இருந்தீங்க. நானும் உங்க மூஞ்சிய பாத்துக்கினே வந்தனுங்க."

"தெரிஞ்சிமா வாயத் தொறக்காம வந்த? ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

காளியன் ஆப்பரேசன் அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"போன தைல எங்க ஆத்தாளுக்கு மாருல வலிங்க. இதே மாதிரி தூக்கியாந்து ஒரு ஜீப்புல ஏத்தனோம். பாதி வழில வண்டில என்னமோ சத்தம் கேட்டுச்சி. நாந்தாங்க சொன்னன், டைவருங்களே, சத்தம் வருதுன்னு. நல்லதுக்குத்தான் சொன்னன். அவரு நிறுத்திப் பாத்தாரு. வண்டிக்கு ஆவாது, எறங்கிக்கங்கன்னுட்டாரு. எறங்கனோம். ஆத்தா அந்த ரோட்டுலயே போயிட்டா. அதான் இன்னிக்கி நான் ஒண்ணுமே கேக்கலீங்க. நல்லா ஓடுது, நல்லா ஓடுதுன்னே சொல்லிக்கினு வந்தன்."

ஞானராஜ் அவனைத் தூக்கி நிறுத்தப் போன கையை அப்படியே வைத்திருந்தான். இவர்கள் பயப்படக் கூடாதே என்றுதான் தான் வாயை மூடிக்கொண்டு வந்ததாக அவன் நினைத்திருந்தான். வழி முழுக்க அந்த மனுஷன் பயந்தது, எங்கே இறக்கிவிட்டுவிடுவானோ என்று தன்னைப் பார்த்துத்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.